குட்டி யானை வருவதற்கு முன்னால்

புது வீட்டுக்குக் குடிவந்த அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பாட்டி எழுந்து, இடது பக்கம் திரும்பி நடந்தார். மேற்கு மாம்பலம் வீட்டில் 22 வருடமாகக் கட்டிலை விட்டு இறங்கி இடது பக்கம் நாலு எட்டு வைத்தால் பாத்ரூம். லைட்கூடப் போட வேண்டாம், காலுக்கே வழி தெரியும். மேடவாக்கம் வீட்டிலோ இடது பக்கம் சுவரும், அதில் சாய்த்து வைத்திருந்த இன்னொரு கட்டிலின் சட்டமும்தான் இருந்தன. முழங்காலில் இடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு மகனும் மருமகளும் ஓடி வந்தார்கள். எந்த ஸ்விட்ச் எதற்கு என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, ஹோல்டரில் பல்பே இல்லை. முன்னால் குடியிருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

நல்ல வேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் வீக்கத்தோடு போயிற்று. ஆனால் வலித் தைலம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடியதிலேயே விடிந்துவிட்டது.

இத்தனைக்கும் அன்று பகல் முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை. 46 பெட்டிக்கும் நம்பர் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று மகன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டும் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்விட்டது என்பது மட்டும்தான் குறை.

அவர் திட்டம் போட்டது வண்டி கிளம்புகிற நேரத்தை வைத்து. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் போடுகிறார்கள்; சாமான் இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. அன்று ராத்திரி வீட்டில் இருக்கிற எல்லோரும் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, இடறாமல் பாத்ரூம் போய் வந்து, தூங்கி எழுந்தால்தான் குடிபோனதாக அர்த்தம். அந்த ராத்திரியை முதலில் மனதில் ஓட்டிப் பார்த்து, அங்கிருந்து பின்னால் நாள் எண்ணிக்கொண்டே வந்தால், எதை எப்போது செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும். அடுத்த வருடம் அவருடைய அக்கா குடும்பம் ஆதம்பாக்கத்திலிருந்து தாம்பரம் பக்கம் வீடு மாறியபோது தம்பி அப்படித்தான் செய்து கொடுத்தார்.

எந்த மாதத்தில் மாறுவது என்பதைத் தமிழ்நாட்டில் பாதிக்குமேல் பஞ்சாங்கம்தான் முடிவு செய்கிறது. ‘ஆனி அடியெடாதே, கூனி குடிபுகாதே’ என்பார்கள் பெரியவர்கள். கூனி என்றால் பங்குனி. ஆடியும் மார்கழியும் பல வீடுகளில் விலக்கு, சில வீடுகளில் புரட்டாசியும். ஆக, மிச்சமுள்ள மாதங்களில் வருகிற நல்ல நாட்களில் ஊரே ஒரே சமயத்தில் வீடு மாறுகிறது. தை பிறந்ததும் ஆவணி பிறந்ததும் வண்டிக்கும் ஆளுக்கும் அடிதடிதான். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன், மே மாதக் கடைசியிலும் அதே நெருக்கடி. அக்கா வீட்டில் நாள் பார்ப்பார்கள். அதை விடச் சொல்லித் தம்பி வாதாடவில்லை. குடிபுக ஆடி ஆகாது என்றால் வீடு பார்க்க ஆடி ஆகுமே! அந்த மாதத்தில் காலியான வீடு காலியாகவே கிடக்கும். ஓனருக்கும் வாடகை நின்றுபோன கவலை இருக்கும். வாடகை பேச, குழாய் மாற்றித் தரச் சொல்ல, கொசுவலை அடித்துத் தரச் சொல்ல அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. ஆடியில் பார்த்துப் பேசி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணியில் பால் காய்ச்சினார்கள்.

பள்ளி வருடம் நடுவில் இருந்ததால் ஒன்பதாம் வகுப்புப் பையன் அந்த வருடம் முடியும் வரை தாம்பரத்திலிருந்து பரங்கிமலைக்கு மின்சார ரயிலில் போய்வருவது என்று வைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண்ணைப் பக்கத்திலேயே ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் சேர்த்தார்கள். டி.சி. வரத் தாமதமானால் இடம் போய்விடுமோ என்று அக்காவுக்குப் பயம். 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை, அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறுகிற பிள்ளையை, டி.சி. வரவில்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்க மறுக்கவோ இழுத்தடிக்கவோ கூடாது.

வீட்டை இரண்டு தடவை பார்க்க வேண்டும். பகலில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை. பகலில் சுவரின் ஈரம் தெரியும், வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று தெரியும். ராத்திரியில்தான் தெருவிளக்கு எரிகிறதா, பைக் நிறுத்த இடம் மிஞ்சுகிறதா, மாடியில் இருப்பவர்கள் நாற்காலியை எத்தனை மணி வரை இழுக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும்.

முடிச்சூரில் ஒரு தரைத்தள வீடு அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புது டைல்ஸ், நல்ல காற்று, வாடகையும் கட்டுப்படியாகிற மாதிரி. தம்பி எதுவும் சொல்லாமல் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு டீ சொன்னார். “அண்ணே, இந்தத் தெருவுல தண்ணி நிக்குமா?” கடைக்காரர் வார்த்தையால் பதில் சொல்லவில்லை. கடையை விட்டு வெளியே வந்து, சுவரில் தன் நெஞ்சு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார். 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற அளவு அது. அந்த வருடம் அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூரை மூழ்கடித்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் பெரும்பாக்கமும் தண்ணீரில் தத்தளித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ஒரே ஏரியாவில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பும். அது அங்கேயே கிடக்கிற பெட்டிக்கடைக்காரருக்கும் அயன் வண்டிக்காரருக்கும் பால் போடுகிறவருக்கும்தான் தெரியும். தரகரைக் கேட்பதைவிட இவர்களைக் கேட்கலாம். அக்கா குடும்பம் கடைசியில் எடுத்தது மேட்டுப் பாங்கான இன்னொரு தெருவில், முதல் மாடி.

அங்கே தண்ணீரைப் பார்த்தது அக்காதான். பாத்ரூம் ஷவரின் துளைகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. போர்வெல் தண்ணீர் கடினமானது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். துணிக்கும் தலைமுடிக்கும் பருப்பு வேகவும் அது ஒத்துக்கொள்ளாது. அந்த ஒரு காரணத்துக்காக வீட்டை விட்டுவிட வேண்டும் என்றில்லை. குடிக்க 20 லிட்டர் கேன் மாதம் எத்தனை ஆகும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு யார் தலையில், மெயின்டனன்ஸில் சேர்ந்ததா தனியா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். கேட்காமல் விட்டிருந்தால் ஏப்ரல் மாதத்தில் வாய்ச்சண்டையாகியிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், இஞ்சு டேப். மேடவாக்கத்துக்கு மாறியபோது பழைய இரும்பு பீரோ மாடிப்படியின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. கடைசியில் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்ற வேண்டியதாயிற்று, அதற்கு ஆட்கள் தனியாகப் பணம் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். இந்தத் தடவை பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் நாலையும் அளந்து கொண்டுபோய், வாசல் நிலை, படித் திருப்பம், லிஃப்ட் கதவு எல்லாவற்றோடும் ஒத்துப் பார்த்துக்கொண்டார்கள். எந்தச் சுவரில் எத்தனை பிளக் பாயின்ட், கட்டில் எந்தச் சுவரோரம் என்பதும் அன்றைக்கே ஒரு தாளில் கிறுக்கியாயிற்று.

அடுத்து அட்வான்ஸ். மனக்கசப்பு அதிகம் வருவது இதில்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வெகுகாலப் பழக்கம். 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கிற புதுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் அது செல்லும் என்ற வாசலையும் அதே பிரிவு திறந்து வைத்திருக்கிறது. ஐந்து மாதம், ஆறு மாதம் என்று இன்றைக்கும் பேரம் நடப்பதற்கு அதுதான் காரணம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவெண் வாங்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டியிருப்பதால் வந்த பழைய பழக்கம் 11 மாத அக்ரிமென்ட். பதினொரு மாதம்தானே, பதிவு எதற்கு என்று பலரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

சட்டத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்பது அதில் இருக்கிறது. கட்டட ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, குழாய்த் தடம் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் ரிப்பேர், பூட்டு, கொசுவலை, உடைந்த கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பக்கம். வீடு காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிற பழக்கத்தைக் காலம் காலமாக ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறார்கள் சென்னைக் குடித்தனக்காரர்கள். சுவரில் பிள்ளை கிறுக்கியிருந்தால் அது வேறு. வருடக் கணக்கில் வெயிலும் காற்றும் பட்டு மங்கிய சுண்ணாம்புக்குக் குடியிருந்தவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

அக்காவும் அத்தானும் புது ஓனரிடம் பேசப் போனபோது தம்பியும் கூட இருந்தார். “சார், சட்டத்துல மூணு மாசம்னு இருக்கு. நாங்க நாலு மாசம் தர்றோம். காலி பண்றப்ப பெயின்டுக்குன்னு பிடிக்க மாட்டோம்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி போட்டுடுங்க” என்றார் அத்தான். ஓய்வுபெற்ற மனிதர், கொஞ்ச நேரம் யோசித்தார். “சுவத்துல ஆணி அடிக்காம பாத்துக்குங்க, போட்டுடலாம்” என்றார். ஐந்து நிமிடப் பேச்சு. இதையே மூன்று வருடம் கழித்து வாசலில் வண்டி நிற்கும்போது பேசியிருந்தால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வந்ததும் புது வீட்டுக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவது ஆபத்து. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்பதுதான் சட்டம். பல ஓனர்கள் அடுத்த குடித்தனக்காரர் தருகிற பணத்தை வாங்கித்தான் இவருக்குத் தருவார்கள். அதனால் இடையில் ஒரு மாதத்துக்கு இரண்டு அட்வான்ஸும் வெளியே நிற்கும். அக்கா அந்த மாதத்துக்காகச் சீட்டுப் பணத்தை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டார். காலி செய்கிற தேதியைப் பழைய வீட்டு ஓனரம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அதே தேதியைக் கடிதமாகவும் கொடுத்து, கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்கள். உறவு கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டியதில்லை. எழுதி வைத்த இடத்தில் சண்டை குறைவு.

சாமான் ஏறிப் பழைய வீடு காலியான பிறகு, ஒவ்வோர் அறையையும் வாசலில் நின்று ஒரு வீடியோ. கடைசியாக மீட்டர் பெட்டி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் மீட்டர் கணக்கெடுக்கிறார்கள். நடுவில் ஒரு குடும்பம் போய் இன்னொரு குடும்பம் வந்தால் இரண்டு பேர் ஓட்டிய கரன்டும் ஒரே பில்லில் விழும். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப் படிகளுக்கான கட்டணமே மாறிவிடும். முந்தையவர் ஏ.சி. ஓட்டியதற்குப் புதிதாக வந்தவர் கட்ட நேரும். சாவி கைமாறும் நாளில், பழைய வீட்டிலும் புது வீட்டிலும் மீட்டரில் தெரிகிற எண்ணைப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிட்டால் பங்கு பிரிப்பது சுலபம்.

கேஸ் விஷயம் பத்து நாள் முன்னால் ஆரம்பிக்க வேண்டியது. ஒரே ஊருக்குள்ளோ பக்கத்திலோ மாறினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டாம். பழைய ஏஜென்சியில் மாற்றத்துக்கான சீட்டு வாங்கிப் புது ஏஜென்சியில் கொடுத்தால் கணக்கு அங்கே போய்விடும். வெளியூர் என்றால் இரண்டையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டிரான்ஸ்ஃபர் வவுச்சரோடு போக வேண்டும். அங்கே அன்றைய தேதிக்கு என்ன டெபாசிட்டோ அதைக் கட்டி எடுக்க வேண்டும். அடுப்பைக் கழற்றி மாட்டும்போது ரப்பர் குழாயையும் பார்த்துவிடலாம். எந்த வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று குழாயிலேயே அச்சடித்திருப்பார்கள். அக்கா வீட்டுக் குழாய் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் குழாயை அத்தனை நாளும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் பதைக்கிறது.

மற்ற காகிதங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆதார் முகவரி முதலில், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைக் கேட்கும். பிறகு ரேஷன் கார்டு, வங்கி, இன்சூரன்ஸ். வாக்காளர் பட்டியலுக்கு படிவம் 8. தொகுதிக்குள் மாறினாலும் தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் இப்போது அதே படிவம்தான். பைக், கார் ஆர்.சி. புத்தகத்தில் முகவரி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 30 நாள் தருகிறது. பழைய விலாசத்துக்கு வருகிற கடிதங்களைத் திருப்பிவிட அந்த ஏரியா தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது.

மூட்டை கட்டுகிற வேலையை லாஃப்டில் இருந்து தொடங்க வேண்டும். கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதுதான் அடுத்த ஒரு மாதத்துக்குத் தேவைப்படாதது. அக்கா வீட்டு லாஃப்டில் ஆறு வருடத்துக்கு முன் கட்டி வைத்த பெட்டி ஒன்று பிரிக்காமலே இருந்தது. உள்ளே எவர்சில்வர் குடம் இரண்டு, கொலு பொம்மைகள், யாருடைய கல்யாணத்திலோ வந்த டின்னர் செட். பொம்மைகள் பழைய பருத்திப் புடவையில் சுற்றிக்கொண்டு புது வீட்டுக்குப் போயின. டின்னர் செட் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் மகள் கல்யாணத்துக்குப் போயிற்று. இந்தத் தரம் பிரிக்கிற வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும். கடைசி இரண்டு நாளில் செய்தால் எல்லாமே பெட்டிக்குள் போய்விடும், குப்பையும் சேர்த்து.

பெட்டிக்குத் தெரு மளிகைக்கடையே போதும். சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி என்று அண்ணாச்சி எடுத்து வைப்பார். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி. பெரிய பெட்டியில் அடுக்கினால் அடி பிய்த்துக்கொள்ளும், தூக்குகிறவர் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். தலையணையும் போர்வையும் பெரிய பெட்டிக்கு. கண்ணாடிச் சாமான் ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி, தட்டுகளை நிற்கவைத்து அடுக்க வேண்டும். கிரைண்டரில் கல்லைத் தனியே எடுத்துச் சாக்கில் கட்டி வண்டியில் அடியில் வைக்க வேண்டும். பெட்டியின் மேல்பக்கம் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது. பக்கவாட்டில், எந்த அறைக்கு என்று எழுத வேண்டும். முதல் தடவை ‘பெட்டி 17’ என்று எழுதி, எதற்கு 17 என்று ஒருவருக்கும் தெரியாமல் ஹாலில் குவிந்தது போல இந்தத் தடவை ஆகவில்லை. ‘சமையல் – தினம்’, ‘சமையல் – பண்டிகை’ என்று எழுதியதைப் பார்த்து, லோடு தூக்கியவர்களே நேராக உரிய இடத்தில் இறக்கினார்கள்.

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் உருகவிட்டுத் துடைத்து, நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பிளக்கைச் செருகிவிடாமல் சில மணி நேரம் சும்மா விட வேண்டும். ஆட்டத்தில் கம்ப்ரஸர் எண்ணெய் இடம் மாறியிருந்தால் திரும்பிவிடும். முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினில் டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் போல்ட்டுகள் வாங்கியபோதே கூட வந்திருக்கும். அதைத் தேடி எடுத்து மாட்ட வேண்டும். ஏ.சி.யைக் கழற்றும் முன் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இறக்கிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் வர வேண்டும். இல்லையென்றால் கேஸ் வெளியே போய்விடும், புது வீட்டில் மறுபடி நிரப்புகிற செலவு. இன்வெர்ட்டர் பேட்டரி சாயவே கூடாது, உள்ளே இருப்பது அமிலம்.

வண்டிக்கு வருவோம். டாட்டா ஏஸ் 2005-ல் சந்தைக்கு வந்ததிலிருந்து தமிழ்நாட்டுத் தெருக்களில் அதற்குக் குட்டி யானை என்றுதான் பேர். குறுகலான சந்திலும் நுழையும், ஒரு பெட்ரூம் வீட்டுச் சாமானைச் சுமக்கும். இரண்டு பெட்ரூம் என்றால் இரண்டு நடை அடிக்க வேண்டும், இல்லை பெரிய வண்டி எடுக்க வேண்டும். 15 கிலோமீட்டருக்கு இரண்டு நடை என்றால் வெயிலும் டிராஃபிக்கும் சேர்ந்து பொழுது சாய்ந்துவிடும். பெரிய வண்டியாக ஒன்று எடுப்பதே மேல்.

பேக்கர்ஸ் மூவர்ஸ் வைத்தால், போனில் விலை சொல்கிறவர்களிடம் முடிவு செய்யக் கூடாது. ஒருவர் வீட்டுக்கு வந்து, பரண் முதல் பால்கனித் தொட்டி வரை பார்த்துவிட்டு, எழுத்தில் விலை தர வேண்டும். எத்தனை ஆள், எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா, கட்டில் கழற்றி மாட்டுவது சேர்த்தியா, வழியில் உடைந்தால் இன்சூரன்ஸ் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அது யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். குறைந்த விலை சொல்லிச் சாமானை ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் இன்னும் இவ்வளவு கொடுத்தால்தான் இறக்குவோம் என்று நிற்கிற கும்பல்கள் உண்டு. மேடவாக்கம் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவரின் சாமான் வெளியூர் போகும் வழியில் அப்படி இரண்டு நாள் மாட்டிக்கொண்டது. ஊர் விட்டு ஊர் போகிற சரக்குக்கு ரசீது தர வேண்டும் என்று 2007-ஆம் வருடத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டம் சொல்கிறது. சேதமானால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குப் போட முடியும். நுகர்வோர் உதவி எண் 1915. நகை, பத்திரம், சான்றிதழ், மருந்து இவை எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. வீட்டு ஆள் ஒருவர் மடியில்தான் போக வேண்டும்.

அடுக்குமாடி என்றால் அசோசியேஷனில் முன்னாலேயே கேட்க வேண்டும். எந்த நேரத்தில் சாமான் ஏற்றலாம், எந்த லிஃப்ட், அதற்குக் கட்டணம் உண்டா. வண்டி கேட் வாசலில் நிற்கும்போது செக்யூரிட்டியோடு வாதாடி ஒரு மணி நேரம் போவது சென்னையில் தினம் நடக்கிறது.

இத்தனை செய்த பிறகும், அந்த ராத்திரிக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பதில் சொன்னது பாட்டிதான். பால் காய்ச்ச எதெது எடுத்துப்போக வேண்டும் என்று பேத்தி கேட்டாள். பாட்டி விரல் விட்டு எண்ணினார். “சாமி படம், குத்துவிளக்கு, எண்ணெய், தீப்பெட்டி, ஒரு கொடம் தண்ணி, அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், பால், பால் காய்ச்சப் பாத்திரம், அடுப்பு.” தம்பி கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். வெளிச்சம், தண்ணீர், சாப்பாடு, அடுப்பு. கரன்டும் குழாயும் இல்லாத காலத்தில் புது வீட்டில் ஒரு ராத்திரியைக் கழிக்க என்னவெல்லாம் வேண்டுமோ அதுதான் அந்தப் பட்டியல்! பெரியவர்கள் அதைச் சடங்காக்கி, யாரும் மறக்க முடியாமல் செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. பால் காய்ச்சுகிற நாளும் சாமான் போகிற நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நல்ல நாளில் விடிகாலை பால் காய்ச்சிவிட்டு வந்துவிடலாம், சாமான் வசதிப்பட்ட நாளில் போகலாம். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை பால் காய்ச்சி, சாமானை ஞாயிறு ஏற்றினார்கள். இடையில் மூன்று நாள் வீடு காலியாகக் கைவசம் இருந்தது. அந்த மூன்று நாள்தான் எல்லாவற்றையும் சுலபமாக்கியது. எலக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொரு பல்பும் ஸ்விட்சும் பார்த்தார். பிளம்பர் கழிவறை ஃபிளஷ்ஷைச் சரிசெய்தார். வாசல் பூட்டை மாற்றினார்கள். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வீடு கழுவி, அலமாரிக்குப் பேப்பர் போட்டு, கரப்பான் மருந்து வைத்தார்கள். ஸ்விட்ச்போர்டு பக்கத்தில் ‘ஃபேன்’, ‘பாத்ரூம்’ என்று பென்சிலில் எழுதின துண்டுச் சீட்டு ஒட்டினாள் பேத்தி.

பாட்டியின் பட்டியலோடு இந்தக் காலத்துக்கு வேண்டியதைச் சேர்த்து ஒரு பெரிய கட்டைப் பை தயாரானது. எல்லோருக்கும் ஒரு மாற்றுத் துணி, துண்டு, சோப்பு, பிரஷ், பத்து நாள் மாத்திரை, வலித் தைலம், பிளாஸ்டர், டார்ச், ஒரு உபரி பல்பு, எக்ஸ்டென்ஷன் போர்டு, போன் சார்ஜர், ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல், கொசுவத்தி, காபித்தூள், சர்க்கரை, நாலு டம்ளர், பக்கெட், மக், துடைப்பம். சாமான் நோட்டும் அதில்தான். அந்தப் பை வண்டியில் ஏறவில்லை. அத்தான் ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு மத்தியானம் சாமான் இறங்கியதும் முதலில் மாட்டியது கட்டில்கள். டிவி, ஷோகேஸ் எல்லாம் அப்புறம் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லோடு ஆட்களுக்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் தெருமுனை மெஸ்ஸிலிருந்து வந்தன. ராத்திரிக்கு இட்லி. எட்டரை மணிக்கெல்லாம் நாலு கட்டிலிலும் விரிப்பு போட்டாயிற்று. மற்றபடி ஹால் முழுக்கப் பெட்டிதான்.

அன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன் என்று பாட்டியும் அங்கேயே தங்கினார். சாயங்காலம் பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை மூன்று தடவை நடத்திக் காட்டினாள். வலது பக்கம், ஆறு எட்டு. வழியில் ஒரு பெட்டிகூட இல்லாமல் ஒதுக்கியிருந்தார்கள். பாத்ரூம் வாசலில் ஒரு ஜீரோ வாட் பல்பு.

இரண்டு மணிக்குப் பாட்டி எழுந்தார். வலது பக்கம் திரும்பி, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது போர்வை விலகிக் கிடந்த பேத்திக்கு அதை இழுத்துப் போர்த்திவிட்டுப் படுத்தார். காலையில் அக்கா காபியைக் கொண்டுவந்து எழுப்பும் வரை அந்த வீட்டில் யாரும் கண் விழிக்கவில்லை.